லாரிக்கும் பல் பார்க்க வேண்டும்!

மாட்டுச் சந்தைக்குப் போகிற சம்சாரி நிறத்தையும் கொம்பையும் தூர நின்று பார்த்துக்கொள்வான். விலை பேசும் சமயத்தில் மட்டும் கிட்டே போய், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். மாட்டின் வயசு அங்கேதான் இருக்கிறது. தரகன் எத்தனை சத்தியம் செய்தாலும் பல் பொய் சொல்லாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

லாரிக்கும் பல் உண்டு, அதையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது, பூந்தமல்லிக்கு மேற்கே நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகளுக்கு அந்தப் பக்கத்துப் பட்டறைகள் வைத்தியசாலைகள் மாதிரி. அன்று நான் போன பட்டறையின் வாசலில் பத்து வருஷம் ஓடிய ஆறு சக்கர டாட்டா லாரி ஒன்று நின்றது. புதுப் பெயிண்ட் கண்ணைப் பறித்தது. நெற்றியில் 'முருகன் துணை'. முன் பம்பரில் எலுமிச்சம் பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின. வாங்க வந்தவர் திருநின்றவூர்க்காரர். பன்னிரண்டு வருஷமாகப் பிறத்தியார் வண்டியை ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர். சொந்தமாக ஒரு லாரி என்ற ஆசையும் பன்னிரண்டு வருஷத்து ஆசைதான். கூட வந்திருந்த மனைவி அதிகம் பேசவில்லை. மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நாலு வளையலும் ஒரு சங்கிலியும் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஆவடியில் அவற்றை அடகு வைத்து முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

"எஞ்சின் ராஜா மாதிரி பேசும். டயர் நாலு புதுசு. எஃப்.சி. எடுத்து மூணு மாசம்கூட ஆகலே" என்று தரகர் அடுக்கிக்கொண்டே போனார்.

பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். சின்னப் பையனாக அம்பத்தூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவராம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எஞ்சினை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"எஞ்சினை எல்லாரும் பார்ப்பாங்க, ஸார். டயரைப் பச்சைக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிடும். இங்கே தொங்குதே பானை, இதை எவனும் பார்க்கிறதில்லே. ஆளைக் கவிழ்க்கிறது இதுதான்."

லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவில், அச்சில் உருண்டையாக உப்பிக்கொண்டு ஒரு இரும்புப் பானை தெரியும். அதைத்தான் சொன்னார். அதற்குள் இருக்கும் யந்திரத்துக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர்.

இரண்டு சக்கரம், இரண்டு வேகம்

கட்டை வண்டிக்கு இந்த வம்பே கிடையாது. அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. மூலை திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும், உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் போகும், மாட்டுக்கும் கவலையில்லை, வண்டிக்காரனுக்கும் கவலையில்லை. லாரியில் அப்படி முடியாது. சக்கரத்தையே எஞ்சின் பிடித்துச் சுழற்றுகிறது. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பூந்தமல்லியில் ஒரு தெருமுனையில் நேர்கோணமாகத் திரும்பினால் போதும். பின்சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.8 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். அது லாரிச் சக்கரத்தின் முக்கால் சுற்றுக்கும் மேல். அந்த முக்கால் சுற்றுக்கு வழி விடாவிட்டால் ஒன்று டயர் தேயும், இல்லையென்றால் தண்டு முறியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஒனெஸிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1827-ஆம் வருஷம், நீராவி வண்டிக்காக. ஐம்பது வருஷம் கழித்து, 1877-ல், இங்கிலாந்தில் சைக்கிள் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டார்லி அதையே மூன்று சக்கரச் சைக்கிளுக்குப் பொருத்தினார். மோட்டார் பிறந்தபோது இந்த ஏற்பாடு தயாராகக் காத்திருந்தது.

பானைக்குள் நடப்பது இதுதான். எஞ்சினிலிருந்து நீண்டு வரும் புரொப்பல்லர் ஷாப்டின் முனையில் சின்னப் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. அது பினியன். அது பெரிய தட்டு மாதிரியான கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து ஒரு கூடும் சுழல்கிறது. கூட்டுக்குள் சிலுவை மாதிரி ஒரு தண்டில் நாலு குட்டிப் பல்சக்கரங்கள். பட்டறை பாஷையில் ஸ்டார் பினியன். அவற்றின் இரண்டு பக்கமும் சன் கியர்கள். ஒவ்வொன்றும் ஒரு சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாப்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேர்ப்பாதையில் ஸ்டார் பினியன்கள் தம்மைத்தாமே சுற்றிக்கொள்ளாமல் கூட்டோடு சும்மா பிரயாணம் செய்கின்றன. திருப்பத்தில் உள்சக்கரம் தயங்கினால் அவை உருளத் தொடங்கி, இந்தப் பக்கம் குறைந்த சுற்றை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. அண்ணன் விட்டுக்கொடுத்ததைத் தம்பி எடுத்துக்கொள்கிறான்; குடும்பத்து மொத்தக் கணக்கு மாறுவதில்லை.

ஆவடியைத் தாண்டிப் போகும்போது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. 1965-ல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. டாங்கிக்கு லாரி போல் திருப்புகிற முன்சக்கரம் கிடையாது. இரு பக்கப் பட்டைகளையும் வேறு வேறு வேகத்தில் ஓட்டித்தான் அதைத் திருப்புகிறார்கள். லாரி திரும்புவதால் வேக வித்தியாசம் உண்டாகிறது. டாங்கியிலோ வேக வித்தியாசத்தால்தான் திருப்பமே உண்டாகிறது!

சாக்பீஸ் கணக்கு

மேஸ்திரி முதலில் பானையின் மேல் அப்பியிருந்த மண்ணையும் கிரீஸையும் சுரண்டினார். வார்ப்பில் எண்கள் தெரிந்தன. எழுதிக்கொண்டார். ஆனால் நம்பவில்லை.

"இது பானையோட நம்பர். உள்ளே இருக்கிறது யாரு பெத்த பிள்ளைன்னு இது சொல்லாது. பழைய வண்டியிலே கிரவுன் மாறியிருக்கும், சமயத்திலே அச்சே மாறியிருக்கும். எண்ணித்தான் பார்க்கணும்."

பானையைத் திறக்காமலே பல்லை எண்ணும் வித்தை அப்புறம் நடந்தது. லாரியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கும் ஒரு பக்கப் பின்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டார்கள். மறு பக்கப் பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் தலையை நீட்டுகிற பையனை அவர் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்து, டயரில் ஒரு சாக்பீஸ் கோடும் புரொப்பல்லர் ஷாப்டில் ஒரு கோடும் போட்டார்கள். இரண்டு பையன்கள் தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றினார்கள். மேஸ்திரி ஷாப்டின் கோட்டை எண்ணினார்.

ஏன் இரண்டு சுற்று என்று கேட்டேன். தரையில் இருக்கும் சக்கரம் அசையாதபோது, தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் நடுவிலுள்ள கிரவுன் ஒரு சுற்று வரும். அண்ணன் தம்பி கணக்கு இங்கேயும் வருகிறது. கிரவுன் ஒரு சுற்று வரும்போது ஷாப்டு எத்தனை சுற்று வருகிறதோ, அதுதான் அந்த வண்டியின் ரேஷியோ.

இந்த வண்டிக்கு 41/7 என்று தரகர் சொல்லியிருந்தார். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்று அர்த்தம். வகுத்தால் 5.86. சாக்பீஸ் கோடு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருக்கவேண்டும். அது ஆறைத் தாண்டி, ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. மறுபடி சுற்றினார்கள். மறுபடியும் அதே இடம்.

"41/6" என்றார் மேஸ்திரி. "6.83. யாரோ டிப்பர் வண்டிப் பல்லை இதுக்குக் கட்டியிருக்கான்."

அதனால் என்ன என்று கேட்பீர்கள். 41/6 தன்னளவில் குற்றமில்லை. ஜல்லிக் குவாரி மேட்டில் பாரத்தோடு ஏற அதுதான் நல்லது. சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவை அதிகம். ஆனால் திருநின்றவூர்க்காரர் பெங்களூருக்குச் சரக்கு ஓட்ட நினைக்கிறார். டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போக, 41/7 பல் இருந்தால் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 1,800 சுற்று சுற்றினால் போதும். இந்தப் பல்லுக்குச் சுமார் 2,100 சுற்ற வேண்டும். அந்த முந்நூறு சுற்றும் ராத்திரி பூரா டீசலாகக் கரையும்.

பத்து டயர் வண்டியில் இரண்டு பின் அச்சுகளுக்கும் எஞ்சின் இழுவை போகிறது என்றால் விஷயம் இன்னும் மோசம். ஒரு பானையில் 41/7, மற்றதில் 41/6 என்று கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போட்டுக்கொள்ளும். இரண்டையும் எண்ணாமல் வாங்கக்கூடாது.

காது சொல்லும் சேதி

கட்டையை எடுத்து, வண்டியை ஒரு நடை ஓட்டிப் பார்த்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்கீத சபையில் ஆலாபனை கேட்கிற ரசிகர் மாதிரி இருந்தது.

ஆக்ஸிலேட்டரை அழுத்தி இழுக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் கேட்டால், அல்லது காலை எடுத்தபிறகு மட்டும் கேட்டால், கிரவுனும் பினியனும் சரியான இடத்தில் கடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி முனகினால் பினியன் பேரிங். நேரே போகும்போது சும்மா இருந்து, திருப்பத்தில் மட்டும் கடகடவென்றால் ஸ்டார் பினியன், சன் கியர் பக்கம் பார்க்கவேண்டும். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல விட்டு வண்டியை மீட்கப் பார்க்கிற டிரைவர்கள் இந்தக் குட்டிச் சக்கரங்களைக் கொன்றுவிடுகிறார்கள். நிதானமாக உருள வேண்டியவை அப்போது அசுர வேகத்தில் சுழன்று, எண்ணெய் போதாமல் தீய்ந்துபோகும். 'டக்... டக்...' என்று தாளம் தப்பாமல் அடி விழுந்தால் எண்ணவேண்டும். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஒரு தடவை என்றால் கிரவுனில் ஒரு பல் போயிருக்கலாம். ஷாப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை என்றால் பினியனில்.

வண்டியை எடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் 'டொக்' என்று ஒரு உதை. இதைக் கேட்டவுடன் பானையைப் பிரிக்கிறவர்கள் உண்டு. "அவசரப்படக் கூடாது, ஸார். முதல்லே ஷாப்டிலே இருக்கிற ஜாயின்ட் கிராஸைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. சின்னச் சாமான் போயிருக்கும், அதுக்குப் போயிப் பெரிய செலவை இழுத்து விட்டுடுவாங்க" என்றார். வீட்டுக் குழாய் ஒழுகினால் தொட்டியையே மாற்றச் சொல்கிற ஆசாமிகள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

இந்த லாரியில் ஊளை இல்லை. முனகல் இல்லை. உதைகூட இல்லை. திருநின்றவூர்க்காரர் முகம் மலர்ந்தது. மேஸ்திரியின் முகம்தான் சுருங்கியது.

"பத்து வருஷத்து வண்டி இவ்வளவு சாதுவா இருக்கக் கூடாதே!"

வெள்ளைத் துணி

பானையின் பின்புறத்தில் எண்ணெய் ஊற்றுகிற துவாரம் இருக்கிறது. சமதரையில் நின்றால் எண்ணெய் அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்பு வரைக்கும் இருக்கவேண்டும். இதற்கு எஞ்சின் எண்ணெய் உதவாது. பினியன் கிரவுனின் நடுமட்டத்திலிருந்து தாழ்ந்து இறங்கிக் கடிக்கும் ஹைப்பாய்டு என்ற அமைப்பு, அமெரிக்காவில் கிளீசன் கம்பெனியார் உருவாக்க, 1926-ல் பேக்கார்டு கார்களில் வந்தது. சத்தம் குறைவு, பலம் அதிகம். ஆனால் பல்லோடு பல் உருள்வது மட்டுமல்ல, வழுக்கி அரைக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகச் சேர்க்கை உள்ள இ.பி. எண்ணெய் வேண்டும். அதன் நாற்றமே தனி. பழகிய மூக்கு தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

மேஸ்திரி அடித் திருகைக் கழற்றினார். அதிலிருக்கும் காந்தத்தை விரலால் வழித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மை மாதிரி பசை இருந்தால் வயசான பானைக்கு அது சகஜம். நகக்கண் அளவு சில்லுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு சென்னை வண்டி எதற்கும் இதைப் பார்க்காமல் விடுவதில்லை என்றார். ஓடிச் சூடேறிய பானை திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முழுகினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். மூச்சுத் துவாரம் அடைத்துக்கொண்டால் விபரீதம் வேறு மாதிரி: சூட்டில் விரியும் காற்று எண்ணெயைச் சக்கரப் பக்கம் தள்ளும்; அது பிரேக் லைனிங்கில் ஊறினால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது.

இந்த வண்டியின் எண்ணெய் கெட்டியாக, கூழ் மாதிரி, விழ மனசில்லாமல் விழுந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பழைய வேஷ்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து வந்தார். ஒரு டம்ளர் எண்ணெயை டீசலில் கரைத்து, துணியில் வடிகட்டினார். டீசல் இறங்கியது. துணியில் பழுப்பாக ஏதோ தங்கியது. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, வாங்க வந்தவர் உள்ளங்கையில் வைத்தார்.

மரத்தூள்!

பழைய வண்டி வியாபாரத்தில் இது பழைய தந்திரம். தேய்ந்த பல்லுக்கு நடுவே மரத்தூள் மெத்தை மாதிரி அமர்ந்து சத்தத்தை விழுங்கிவிடும். கொஞ்ச நாள்தான். பிறகு தூள் அரைபட்டுக் கரியாகி, எண்ணெய் போக வேண்டிய வழிகளை அடைத்து, பேரிங்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதற்குள் முன்பணமும் பத்திரமும் கை மாறியிருக்கும்.

அம்மியும் குழவியும்

தரகர் நெளிந்தார். தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். இருக்கலாம், அவரை நான் சந்தேகிக்கவில்லை. உடனே இன்னொரு யோசனை சொன்னார். பழைய சாமான் கடையில் நல்ல பினியன் கிடைக்கும், அதை மட்டும் மாற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும், விலையிலும் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையில் ஜோடியாகவே தயாரிக்கிறார்கள். பல் வெட்டியபிறகு இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து ஓட்டி, அரைத்து இழைத்து, இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிக்கிறார்கள். 41 என்பது 7-ஆலும் 6-ஆலும் வகுபடாத எண். அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் எல்லாவற்றுக்கும் பொதுவாகிறது. பல வருஷம் அரைத்த அம்மிக்கு அடுத்த வீட்டுக் குழவியைக் கொண்டுவந்தால் எப்படி? ஜோடி எண் வேறாயிருந்தால் புதுச் சாமானானாலும் ஊளையிடும். சீக்கிரமே தின்றும் விடும்.

ஜோடியாகவே வாங்கினாலும் வேலை முடியவில்லை. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காரவேண்டும் என்பதைத் தகடு தகடாக ஷிம் வைத்துச் சரிசெய்யவேண்டும். பல்லுக்குப் பல் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். மில்லிமீட்டரில் கால் பாகம் என்கிற மாதிரி அளவு. அந்தந்தக் கம்பெனிப் புஸ்தகத்தில் போட்டிருக்கும். அதை டயல் கேஜ் வைத்து அளக்கவேண்டும். கடைசியில் பல்லில் சிவப்பு மசி தடவிச் சுற்றிப் பார்த்தால், கடித்த இடம் பல்லின் நடுவில் தெரியவேண்டும். ஓரத்தில் தெரிந்தால் மறுபடி பிரிக்கவேண்டும். "இதை மூணு தடவை பிரிச்சுப் பூட்டத் தெம்பு இல்லாதவன் பானையைத் தொடக் கூடாது" என்றார். இந்தப் பொறுமைக்குத்தான் கூலியே தவிர, திருகு முடுக்குவதற்கு அல்ல என்று எனக்குப் பட்டது.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். 41/7 புது ஜோடி, பேரிங்குகள், சீல், எண்ணெய், கூலி. தரகர் யாருக்கோ டெலிபோன் செய்து, மொத்தத் தொகையையும் விலையில் கழித்துக்கொள்ள உத்தரவு வாங்கிவிட்டார். திருநின்றவூர்க்காரர் காகிதத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்து ஆசை. சட்டென்று விட மனசு வருமா?

"என்னங்க" என்று முக்காலியிலிருந்து குரல் வந்தது. அந்த அம்மாள் அன்று பேசிய முதல் பேச்சு அதுதான். "பல்லு தேய்ஞ்சிருந்தா மாத்திக்கலாம், பரவாயில்லே. தூளைப் போட்டு மறைச்சிருக்காங்களே, இன்னும் எதை எதை மறைச்சிருக்காங்களோ?"

யாரும் பதில் சொல்லவில்லை. தரகர் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

திருநின்றவூர்க்காரர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பார்த்த கூலி எவ்வளவு என்று மேஸ்திரியைக் கேட்டார். "அடுத்த வண்டி பார்க்கறப்போ கூட்டிக்கிட்டுப் போ, தம்பி. அப்போ சேர்த்து வாங்கிக்கறேன்" என்றார் அவர். மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். ஆவடிக்குப் போக வேண்டிய வேலை இனி இல்லை, நேரே வீட்டுக்குத்தான்.

தரகர் லாரியை எடுக்கச் சொன்னார். எண்ணெய் இல்லாத பானையோடு எப்படி எடுப்பது? வடித்த கூழையே மறுபடி ஊற்றிவிடச் சொன்னார். மேஸ்திரி மறுத்துவிட்டார். புது எண்ணெய் ஊற்றினார்கள். பட்டறையைத் தாண்டிச் சாலையில் ஏறும்போது வண்டி ஊளையிட ஆரம்பித்தது. நசரத்பேட்டைத் திருப்பம் வரையில் எங்களுக்குக் கேட்டது.